அதே லொகேஷன்

போன் மேப்புல நீலப் புள்ளி சேத்துப்பட்டு பாலத்தத் தாண்டிருச்சு.

அவன் ஒரு பெரிய கேட்டுக்கு எதுத்தாப்ல நிக்கிறான். நிக்கிறான்னு சொல்ல முடியாது. நாலு அடி போறான், திரும்புறான், போனப் பாக்குறான். மறுபடி நாலு அடி.

புள்ளிக்குள்ள அப்பாவும் தங்கச்சியும் இருக்காங்க. எக்மோர்ல எறங்கி ஆட்டோ புடிச்சாச்சு. தங்கச்சி மடியில துணிப்பெட்டி இருக்கும். அப்பா கால்கிட்ட அரிசி மூட்டை இருக்கும்.

தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு. நாளைக்கு கிளாஸ். ஹாஸ்டல் வேண்டாம்னு அப்பாவே எழுதிக் குடுத்துட்டாரு.

அண்ணன் வீட்லருந்து நடந்தா பத்து நிமிஷம்.

அண்ணன் வீடு.

கேட்டுக்கு அந்தப் பக்கம் இருவத்திரண்டு மாடி நிக்குது.

*

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, ஊர்லருந்து வந்த மொத நாளு, எங்கய்யா தங்கிருக்கன்னு அப்பா கேட்டாரு. லொகேஷன் அனுப்பினான்.

அன்னைக்கு அது பொய் இல்ல.

தகர ஷீட்டு போட்ட லைன் வீடு. முப்பத்திரண்டு குடும்பம். ரெண்டு கக்கூஸ்.

எட்டே மாசம். எடத்துக்காரர் வித்துட்டாரு. வாடகைக்கு இருந்தவங்களுக்கு ரெண்டு நாள் டைம். அவனுக்கு ரெண்டு நாள் தேவைப்படல. சட்டைய ஒரு பையில திணிச்சுக்கிட்டு கெளம்பிட்டான். வீடு மாறினத ஊர்ல சொல்லல.

இப்ப இருக்கிறது ஊருக்கு வெளிய, வேல பாக்குற குடோனுக்குப் பின்னாடி. ஒரே ரூம்ல ஏழு ஆம்பளைங்க. ஷிப்டு போட்டுத்தான் படுக்கணும்.

ஊர்ல தங்கச்சி அந்தப் பழைய லொகேஷன அப்பப்ப தொட்டுத் தொட்டுப் பாத்திருக்கா.

மேலருந்து எடுத்த படத்துல மொதல்ல தகரம் தெரிஞ்சுதாம். அப்புறம் வெறும் மண்ணு. அப்புறம் கட்டடம் கட்டுறப்ப போடுற பச்ச வலை. போன வருஷம் பாத்தா, நீலமா ஒரு நீச்சக்கொளம்.

அப்பா போன் போட்டாரு.

"ஏய்யா, கம்பெனி குடுத்த வீடா அது?"

அவன் பார்சல் அடுக்கிட்டு இருந்தான். சூப்பர்வைசர் மொறைச்சுக்கிட்டு நின்னாரு.

"ஆமாப்பா."

ஒரு வார்த்த. அவ்ளோதான்.

மறுநா டீக்கடையில இருந்த எல்லாருக்கும் அப்பா டீ வாங்கிக் குடுத்தாராம்.

சீட்டு கெடச்ச அன்னைக்காவது சொல்லிருக்கணும். அன்னைக்கு தங்கச்சி போன்ல அழுதுக்கிட்டே சிரிச்சா.

சொல்லல.

*

புள்ளி அமைஞ்சிக்கரை சிக்னல்ல நிக்குது.

காலையிலருந்து மூணு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போன் அடிச்சுட்டான். ரெண்டுல எடம் இல்ல. ஒண்ணுல எடுக்கவே இல்ல.

தெருவுல பழசு எதுவும் மிச்சம் இல்ல. கோழிக்கொடல் வித்த கடை இப்ப நாய்க்கு முடி வெட்டுற கடை. உள்ள ஏசி ஓடுது.

ஆனா பழைய ஆளுங்க யாரும் காணாமப் போயிடல. தூரமாப் போயிட்டாங்க, அவ்ளோதான். விடிஞ்சதும் பஸ் புடிச்சு இதே தெருவுக்கு வர்றாங்க. பாத்திரம் தேய்க்க. கார் தொடைக்க. குப்ப எடுக்க.

கேட்ல உக்காந்திருக்கிற சகாயம் அண்ணனும் அப்படித்தான். லைன்ல அடுத்த வீட்டுக்காரரு. இப்ப தொப்பி போட்ட செக்யூரிட்டி.

"இன்னாடா, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிறவன் மாரி நடக்குற?"

சொன்னான். எல்லாத்தையும்.

சகாயம் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"நீச்சக்கொளமாம்ல. அது என் வூடு இருந்த எடம்டா. மழைக்கு அப்பவும்தான் தண்ணி நின்னுச்சு. எவனாவது வந்து குளிச்சானா?"

அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு.

"பொண்ணு எங்கடா படுக்கும்?"

தங்கச்சிக்காவது சொல்லிரலாம்னு அவன் மெசேஜத் தெறந்தான்.

போன்ல மைக்க அமுக்கினான். "காளீஸ்வரி, அது நம்ம வீடு இல்ல. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சொன்னது எல்லாம் எழுத்தா வந்து ஸ்கிரீன்ல நின்னுச்சு. யாரோ செத்த சேதி மாதிரி இருந்துச்சு.

அழிச்சான்.

மறுபடி அமுக்கினான். உடனே அணைச்சுட்டான்.

புள்ளி தெருவுக்குள்ள திரும்பிருச்சு.

*

அப்பா மொதல்ல எறங்கினாரு. மூட்டைய மறந்துட்டாரு. அண்ணாந்து மாடி மாடியா எண்ணினாரு. பாதியில கழுத்து வலிச்சிருக்கணும், விட்டுட்டாரு.

கேட்டுக்கு முன்னாடி வழவழன்னு கல்லு பதிச்சிருக்கு. அதுல கால வைக்கிறதுக்கு முன்னாடி செருப்பக் கழட்டினாரு.

"அப்பா, அது வந்து..."

அதுக்குள்ள சகாயம் அண்ணன் எந்திரிச்சுட்டாரு. தொப்பிய சரி பண்ணாரு. பூட்ஸ் கால ஓங்கி ஒரு அடி. வெறப்பா ஒரு சல்யூட்டு.

"குட்மார்னிங் சார்!"

அவன் சட்டுன்னு பின்னால திரும்பினான். யாரு வர்றாங்கன்னு பாக்க.

பின்னால யாரும் இல்ல.

அப்பா இதக் கவனிக்கல. அவரு ரெண்டு கையும் கூப்பி சகாயம் அண்ணனக் கும்பிட்டுட்டு இருந்தாரு.

தங்கச்சி கவனிச்சா.

அவளுக்கு ஒரு கால் ரோட்டுல. ஒரு கால் ஆட்டோக்குள்ள. இத்தன மாசமாப் போன்ல பாத்த கட்டடத்த அவ ஏறெடுத்தும் பாக்கல. அண்ணன் மூஞ்சியத்தான் பாத்தா.

வெளிய வச்ச கால மெதுவா உள்ள எடுத்துக்கிட்டா. பெட்டிய இழுத்து மடியில வச்சுக்கிட்டா.

"அண்ணே," ன்னு ஆட்டோக்காரர் தோளத் தட்டினா.

"போயிராதீங்க."