ஒட்டுத் தெரியாத கவசம்

திரையில் வந்த படைத்தலைவியின் கவசத்தில் ஓர் ஒட்டுக்கூடத் தெரியாது. தன் கவசத்திலும் தெரியவே கூடாது என்று ஐந்து மாதம் பிடிவாதமாக உழைத்தாள் எழிலரசி. ஃபோம் ஷீட்டுகளை வெட்டினாள், ஒட்டினாள், விளிம்பு மறையும்வரை தேய்த்தாள், வெள்ளி வண்ணம் பூசினாள். நுழைவதற்கென்று எஞ்சியிருந்த இடது விலாப் பக்கத்தையும், வேடப்போட்டியன்று காலையில், அவளை உள்ளே நிறுத்திவைத்தே ஒட்டி மூடினாள் தோழி ஜெசிந்தா.

மேடையில் நடுவர் டார்ச் அடித்துத் தேடினார். "எந்த வழியாம்மா உள்ள போனே?"

அரங்கம் ஆர்ப்பரித்தது. அத்தனை கைத்தட்டலுக்கு நடுவிலும் எழிலரசிக்கு வேண்டியிருந்தது காற்று ஒன்றுதான். மூச்சு பாதிவழியிலேயே முட்டித் திரும்பியது. மேடைக்குப் பின்னால் வந்ததும், "வெட்டுடி" என்றாள் ஜெசிந்தாவிடம்.

"பைத்தியமா உனக்கு? பத்து நிமிஷத்துல பரிசு சொல்லிருவாங்க. பல்லைக் கடிச்சிட்டு நில்லு."

"பல்லைக் கடிக்கவும் மூச்சு வேணும்டி. வெட்டு!"

பிளேடு இடது அக்குளிலிருந்து இடுப்புவரை இறங்கியது. காற்று உள்ளே பாய்ந்தது. வியர்வையில் ஊறிய பனியன் சில்லிட்டது. விலா விரிய விரிய மூச்சிழுத்து, எழிலரசி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒலிபெருக்கி அவள் பெயரை அழைத்தது.

"ஐயோ! கையை ஒட்டி வச்சுக்கோ, வெட்டுனது தெரியாது" என்று பதறினாள் ஜெசிந்தா.

எழிலரசி படியேறினாள். விளக்குகளின் முழு வெளிச்சத்தில் நின்று, இடக்கையை உயரத் தூக்கி அசைத்தாள்.