நான்காம் மாடியில் நின்ற லிஃப்ட்

பழைய அடுக்குமாடியைப் புதுப்பித்தபோது லிஃப்டைக் கயிறு முதல் கதவு வரை மாற்றியிருந்தார்கள். தீயணைப்பு விசையைத் திருகினால் அது எங்கும் நிற்காமல் தரைத்தளத்துக்கு வர வேண்டும். இதில் தேறினால்தான் குடியிருந்தவர்கள் வீடு திரும்பலாம். அங்கே குடியிருந்த மெக்கானிக்கின் அக்கா, அதுவரை தன் மாமியார் வீட்டில் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கீழே நின்று விசையைத் திருகினார். மேல்தளத்திலிருந்து புறப்பட்ட லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“என்னப்பா, யாரையோ ஏத்திக்கிட்டு வருது?” என்றார் லிஃப்டைச் சோதிக்க வந்திருந்த ஆய்வாளர்.

“பூட்டியே கிடக்கிற மாடி சார். அந்தக் காலத்துத் தீ விபத்துக்கு அப்புறம் அங்க யாரும் குடிவரலை.”

லிஃப்ட் கீழே வந்து திறந்தது. உள்ளே யாரும் இல்லை. எடை காட்டும் திரையில் நாற்பத்தெட்டு கிலோ என்றிருந்தது. அவர்கள் பார்க்கும்போதே அது பூஜ்யமானது.

“இப்படி நடுவுல நின்னா நான் கையெழுத்துப் போட முடியாது.”

“இன்னொரு தடவை பார்த்துடலாம் சார். அக்கா என்னை உயிரோட விடமாட்டா.”

இம்முறை லிஃப்ட் நேராக இறங்கியது. அடுத்த முறையும் அப்படியே. ஆய்வாளர் கையெழுத்திட்டார். மெக்கானிக் அக்காவுக்குப் போன் செய்தார்.

“நிஜமாத்தான் சொல்றியாடா? நாளைக்கே வந்துடலாமா?”

“வாக்கா. எல்லாம் சரியாயிடுச்சு.”

தெருக்கதவைத் திறந்த ஆய்வாளர் உடனே வெளியேறவில்லை. கதவைப் பிடித்தபடி, யாருக்கோ வழிவிடுவதுபோல, சற்று ஒதுங்கி நின்றார்.