காருக்கு என்ன ஆச்சு?

ஹூஸ்டன் வெயிலில் தார் இளகி மணக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கிய எர்லீன், நடைபாதையே இல்லாத பெருஞ்சாலையின் ஓரப் புல்லில் நடந்து, கால்சட்டையெல்லாம் ஒட்டுமுள்ளோடு வந்து சேர்கிறாள். நகராட்சிக் கூட்டம் நடக்கும் அரங்கின் வளாக வாசலில் 'நடப்போம், நகரை மாற்றுவோம்' என்ற பதாகை படபடக்கிறது. அதனடியில் கார்கள்தான் ஊர்ந்து உள்ளே போகின்றன. காவலாளி பதறி ஓடி வருகிறான். "என்னக்கா, கார் வழியில நின்னுபோச்சா?" "எனக்கேதுப்பா காரு? எங்க தெருவுக்கு நடைபாதை கேட்டுப் பேச வந்திருக்கேன்." அவன் தலையைச் சொறிகிறான். "உள்ள போறதுக்குக் கார்ப் பாதைதான் இருக்கு. நடந்து போனா அடிச்சுத் தூக்கிருவாங்க. இருங்க, ஏத்திவிடுறேன்." அவன் கைகாட்டியதும் ஒரு கார் நிற்கிறது. கதவு திறந்ததும் குளிர்காற்று அவள் வியர்வையில் அறைகிறது. கூட்டத்தை நடத்தப்போகிற அதிகாரி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முகம் நிறைய இரக்கத்தோடு திரும்புகிறார். "அடடா, நடந்தா வந்தீங்க? காருக்கு என்னம்மா ஆச்சு?"