ஒயரை ஆட்டினவன்

"ஒயர்லேர்ந்து கைய எடு ரகு!"

இளமதி போட்ட கூச்சலில் ஆபீசே எட்டிப் பார்த்தது. கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைப் பிடித்து லொடலொடவென்று ஆட்டிக்கொண்டிருந்த ரகு, கையும் களவுமாக மாட்டினான். திரையில் படம் அப்படியே உறைந்து கிடந்தது.

மத்தியானம் கஸ்டமர் வருகிறார். ஓடுகிற பாட்டில் மூடிகளைக் கேமரா படம் பிடிக்கும். துண்டு துண்டாகப் பறந்து வரும் அந்தப் படங்களை வாங்கிச் சரிபார்ப்பது இளமதி எழுதிய புரோகிராம். அது ஓடினால் அவளுக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் நாளைக்குக் கும்மிடிப்பூண்டி ஆபீசுக்கு ரயிலேறவே வேண்டாம்.

"வயித்தெரிச்சல் சார்! இவன் எழுதினத வுட்டுட்டு என்னோடத எடுத்தீங்கல்ல, அதான்! நேத்தும் வந்து 'உன் புரோகிராம்ல ஒரு எடம் இடிக்குது'ன்னான். போடான்னு தொரத்தினேன். இன்னிக்கு ஒயர்ல கைய வெக்கிறான்!"

மேனேஜர் பார்த்திபனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"இன்னாப்பா ரகு, கஸ்டமர் வர்ற நேரத்துல பேஜாரு பண்ணிக்கினு? போய் உன் சீட்ல உக்காரு!"

"சாரி சார்" என்று சிரித்துக்கொண்டே போனான். சிரிப்பு வேறு! இளமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒயரை இறுக்கிச் செருகினாள். படம் வரவில்லை. திரும்பவும் செருகினாள். ம்ஹூம்!

ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது? புரோகிராமைத் திறந்து பார்த்தால், வருகிற படத்தைப் பிடித்துவைக்கிற இடமான பஃபர் ஒன்றுகூடக் காலியில்லை!

"அடிப்பாவி!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

முழுசாக வந்த படத்தைப் பார்த்து முடித்ததும் பஃபரைக் காலி செய்து திருப்பிக் கொடுத்திருந்தாள். ஒயர் ஆடியதில் ஒரு துண்டு வராமல் அரைகுறையாக நின்ற படத்தை ஒதுக்கினாளே தவிர, அதன் பஃபரைத் திருப்பவே இல்லை. காலி கேனைத் தராமல் தண்ணீர் கேன் கேட்டால் கடைக்காரன் தருவானா?

இரண்டு வரி சேர்த்தாள். ஒயரை ஆட்டினாள். ஓடியது! இன்னும் ஆட்டினாள். ஓடியது! ஒயரோடு சேர்ந்து அவளும் ஆடினாள்.

வந்த கஸ்டமர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எங்க ஷெட்ல மிஷின் அதிரும்மா. ஒயரெல்லாம் ஆடும். தாங்குமா?"

"நீங்களே ஆட்டிப் பாருங்க சார்!"

அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். படம் பாட்டுக்கு ஓடியது. ஆர்டர் உறுதி. "உனக்கும் வேலை உறுதிம்மா" என்றார் பார்த்திபன்.

இளமதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேரே ரகுவின் சீட்டுக்குப் போனாள்.

"கெடுக்கப் பாத்தே, எனக்கு நல்லதாப் பூடுச்சு! பொழச்சுப் போ, மன்னிச்சிட்டேன்."

ரகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான்.

"உன்கிட்ட சொன்னேன், தொரத்திட்டே. சாருகிட்ட சொல்லியிருந்தா என் புரோகிராம வெச்சிக்கினு உன்ன ஊட்டுக்கு அனுப்பியிருப்பாரு. அதான், ஒயர வுட்டுச் சொல்ல வெச்சேன்."