கொட்டிலில் ஒரு சந்தேகம்

“அதோட வாயைத் திறந்து பார்த்தது போதும். இனி உன் வாயை மூடு” என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

தங்கை காளையின் தாடையை விடவில்லை. அவள் அந்த வட்டாரத்தின் கால்நடை டாக்டர். காளையின் நாக்கு ஓரத்தில் ரத்தச் சிவப்பாய் ஒரு புண். எச்சில் நூல் நூலாக வடிந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

“கோமாரியா இருக்கலாம்ணே.”

“அதென்ன ‘லாம்’? இருக்கா, இல்லையா?”

“லேப்ல பார்த்தாத்தான் தெரியும்.”

அண்ணன் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தான். கொட்டிலின் மறுகோடியில் கால்நடைத் துறை இயக்குநர், பக்கத்து நாட்டிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அம்மாளுக்குத் தண்ணீர்த் தொட்டிகளைப் புது வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பாஷைதான். ஆனால் இந்தப் பக்கத்து மாட்டிறைச்சிக்கு மட்டும் வருஷக்கணக்காக அங்கே தடை. அந்த அம்மாள் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லை திறந்துவிடும். அதை நம்பித்தான் அண்ணன் இருந்த நிலத்தையெல்லாம் விற்று இந்தப் பண்ணையைக் கட்டியிருந்தான்.

“அவங்க இதோ கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் இதைப் பின்கட்டுல கட்டி வைக்கிறேன். கூடப் பொறந்தவனுக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?”

“இங்கேருந்து அவங்க அடுத்த பண்ணைக்குப் போறாங்க. செருப்போட சேர்ந்து நோயும் போகும்ணே.”

“கல்நெஞ்சுக்காரி.”

“சின்ன வயசுலேருந்து அதைத்தானே சொல்றே. கேட் சாவி எங்கே?”

அவன் இடுப்பில் தொங்கிய கொத்தை அவளே உருவிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கேட்டைப் பூட்டினாள். திரும்பி வந்து கொட்டிலின் நடுவில் நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க. கோமாரி சந்தேகம். நான் சொல்ற வரைக்கும் மாடு, லாரி, ஆள், எதுவும் இங்கேருந்து நகரக் கூடாது.”

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. கிட்டத்தட்ட ஓடியே வந்தார்.

“டாக்டர், உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? யாரை வெச்சுக்கிட்டு என்ன பேசறீங்க? எனக்கு மத்தியானம் அமைச்சரோட மீட்டிங் இருக்கு.”

“போன்ல பேசிக்கோங்க சார். அதுக்கு முன்னாடி ஷூவைக் கழட்டி அந்தக் கிருமிநாசினித் தொட்டியில முக்குங்க.”

“நான் இயக்குநர்.”

“கிருமிக்கு அது தெரியாது சார்.”

தீவனம் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆய்வாளர் அம்மாள் முதல் ஆளாகத் தன் ஷூவைக் கழற்றினார்.

அதன் பிறகு அவள் ராஜ்ஜியம்தான். லேப் வண்டி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று மாதிரியை வாங்கிக்கொண்டு பறந்தது. மாட்டுச் சந்தையை மூடச் சொன்னாள்; மூடினார்கள். வழியில் போய்க்கொண்டிருந்த மாட்டு லாரிகளை நிறுத்தச் சொன்னாள். அங்கங்கே அப்படியே நின்றன. அண்ணனின் போனில் மற்ற பண்ணைக்காரர்கள் வரிசையாக வந்து அவனுடைய குடும்பத்தையே திட்டிவிட்டுப் போனார்கள்.

“உன்னையும் சேர்த்துத்தான் திட்டறாங்க” என்றான் அண்ணன்.

“நீ வாங்கிக்கோ. எனக்கு வேலை இருக்கு.”

சாயங்காலம் லேப்பிலிருந்து போன் வந்தது. கொட்டிலே அவள் பக்கம் திரும்பியது.

“கோமாரி இல்லை” என்றாள் அவள். “தீவனத்துல இருந்த சோளத்தட்டை குத்தின புண், சீழ் பிடிச்சிருக்கு. அதான் காய்ச்சல்.”

யாரோ விசில் அடித்தார்கள். அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“ஒண்ணுமில்லாத புண்ணுக்கு ஊரையே முடக்கிட்டியேடி.”

“ஒண்ணுமில்லைன்னு இப்பத்தானேண்ணே தெரியும்? நாளைக்கே இன்னொரு மாடு இப்படி எச்சில் ஒழுகிட்டு நின்னாலும் இதையேதான் செய்வேன்.”

“நாளைக்கு நீங்க வேலையில இருந்தாத்தானே” என்றார் இயக்குநர். நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்ததில் அவர் சட்டையும் முகமும் ஒன்றுபோலக் கசங்கியிருந்தன. ஆய்வாளர் அம்மாளிடம் திரும்பிக் குழைந்தார்.

“மன்னிச்சிடுங்க மேடம். இந்தப் பொண்ணு பண்ணின கூத்தை மனசுல வெச்சுக்காதீங்க. இத்தனை வருஷத்துல எங்க நாட்டுலேருந்து ‘சந்தேகமா இருக்கு’ன்னு ஒரு தகவல்கூட வந்ததில்லை.”

“தெரியும்” என்றார் அந்த அம்மாள், ஈர ஷூவை மாட்டிக்கொண்டே. “லட்சக்கணக்கான மாட்டுல ஒண்ணு மேலகூட ஒருத்தருக்கும் சந்தேகம் வரலைன்னா, அங்கே மாட்டை யாரும் பார்க்கறதே இல்லைன்னுதானே அர்த்தம்? அதனாலதான் இத்தனை வருஷமா எல்லையை மூடி வெச்சிருந்தோம். இன்னிக்கு ஒருத்தங்க பார்த்துட்டாங்க, இனி இறைச்சி லாரியை எங்க பக்கம் அனுப்புங்க.”