சிவப்புக் கம்பளி

"என் செவப்புக் கம்பளி குடுத்தாத்தான் தூங்குவேன்."

"மெதுவாப் பேசுடி. இன்னிக்குக் கம்பளி கெடையாது. என் சுவெட்டரைப் போத்திக்க."

மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பரா அது. கொழுந்து பறிக்கப் போன அம்மாக்கள் விட்டுப்போன ஆறு பிள்ளைகளில் ஐந்து தூங்கியாயிற்று. நாலு வயதுக் கண்ணம்மா மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். கம்பளிகளை வாசலோரம், துணித்திரைக்கு அந்தப் பக்கம் அடுக்கி வைத்திருப்பார்கள். எடுக்கப் போன ஆயா ஜெஸிந்தா வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மேஸ்திரி பொன்ராஜ் நின்றார். 'ஆச்சா?' என்று கையால் கேட்டார். ஜெஸிந்தா தலையை ஆட்டினாள், இல்லையென்று.

"மேஸ்திரி மாமா ஏன் நிக்கிறாரு?"

"பெரிய ஆபீசருங்க வாராங்க. பிள்ளைங்க முழிச்சிருந்தா என் வேலை போயிரும். கண்ணை மூடு."

"மூடிட்டேன். கரடி எங்க தூங்கும்?"

கண்ணம்மாவிடம் இதுதான் தொல்லை. காட்டில் உள்ளதையெல்லாம் படுக்க வைத்துவிட்டுத்தான் அவள் படுப்பாள்.

"பாறைப் பொந்துல."

"காட்டெருமை?"

"தேயிலைக்குள்ள, காலை மடக்கிப் படுத்துக்கும்."

"மலை அணில்?"

"மரத்து உச்சியில, கூட்டுல."

"யானை நின்னுக்கிட்டே தூங்குமா?" இதைக் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டாள்.

"மெதுவா, தங்கம். நின்னும் தூங்கும், படுத்தும் தூங்கும்."

அந்தக் குளிரிலும் ஜெஸிந்தாவுக்கு வியர்த்தது. இத்தனைக்கும் கொட்டிக் கொடுக்கிற வேலையுமல்ல அது.

"சிறுத்தை?"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பதிலுக்குக் காத்திருந்த கண்ணம்மா அப்படியே தூங்கிப்போனாள்.

ஜெஸிந்தா கையசைத்தாள். பொன்ராஜ் ஜன்னல் சட்டத்தைச் சத்தமில்லாமல் கழற்றினார். ஒவ்வொரு பிள்ளையும் தூக்கத்தோடேயே வெளியே போனது. அம்மாக்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கைநீட்டி வாங்கினார்கள். கடைசியாக ஜெஸிந்தாவும் ஜன்னல் ஏறிக் குதித்தாள்.

எல்லோரும் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது, அம்மாவின் தோளில் கண்ணம்மா விழித்துக்கொண்டாள்.

"ஆயாம்மா, சிறுத்தை எங்க தூங்கும்னு நீங்க சொல்லவேயில்ல."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை ஜெஸிந்தாவுக்கு அப்போதுதான் வெடித்தது.

"உன் செவப்புக் கம்பளி மேலதாண்டி!"