ரன்னுக்கு ஒரு வாக்கியம்

அவருடைய முறை வருவதற்கு முன்னால் இன்னும் சிலர் இருந்தார்கள்.

செல்போன் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு. பக்கத்து நாற்காலியில் மனைவி சௌந்தரம். மெல்போர்னில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்துவிட்டான். ஏர்போர்ட்டில் இரண்டு பேரும் திருதிருவென்று முழிக்கக் கூடாது என்று அவனே பணம் கட்டிச் சேர்த்தும் விட்டான்.

இன்றைய வார்த்தை ரன்.

ஓடுவது மட்டும் இல்லை என்றாள் ரெஜினா டீச்சர். பஸ் ரன் ஆகும். மூக்கு ரன் ஆகும். ஒரு கடையை நடத்துவதும் ரன்தான். ஆளுக்கு ஒரு வாக்கியம். புத்தகத்தில் இருப்பது வேண்டாம், உங்கள் வீட்டு விஷயமாகச் சொல்லுங்கள்.

அவருக்கு அந்த வார்த்தையே ஆகாது.

மகள் ஒருவனோடு ஓடிப்போய் ஆறு வருஷம். இனி இந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். சௌந்தரம் எடுக்கவில்லை. பால்காரர் மகளுக்கும் அதே பேர். அவளைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டுச் சமாளித்தாள். அவர்கள் வீட்டில் ஃபேன்கூட ஓடுவதில்லை. சுற்றும்.

சட்டம் போட்டவர்தான் அதில் நன்றாக மாட்டிக்கொண்டார். எங்கே இருக்கிறாளோ, எப்படி இருக்கிறாளோ என்று கேட்கத் தொண்டைவரை வரும். வீம்பு விடாது. விழுங்கிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

முன்வரிசை நர்ஸ் தன் பையனின் மூக்கு ஒழுகுவதைச் சொன்னாள். வகுப்பு சிரித்தது.

தினமும் காலையில் ஓடுகிறேன் என்பதை அவர் இங்கிலீஷில் உருப்போட்டுக்கொண்டிருந்தார். பச்சைப் பொய். சர்க்கரை வந்த பிறகு நடப்பதே பெரும்பாடு.

சௌந்தரம் எழுந்தாள்.

"மை டாட்டர் சுகந்தி..."

நிறுத்தினாள். அவர் பக்கம் பார்க்கவில்லை.

"மை டாட்டர் சுகந்தி ரன்ஸ் எ டெய்லர் ஷாப்."

வெரிகுட் என்றாள் டீச்சர். யாரோ கைதட்டினார்கள்.



இவளுக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாகத் தெரியும்? முதலில் கோபம்தான் வந்தது. வழக்கமான கோபம்.

அது நிலைக்கவில்லை.

கடை வைத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். சின்ன வயதில் ஊசியில் நூல் கோக்க வராமல் அவரிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள். அவளா கடை வைத்திருக்கிறாள்? சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேர் நடுவில் இப்படிச் சந்தோஷமாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது.

சௌந்தரம் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து நீங்கள் சார் என்றாள் டீச்சர்.

எழுந்தார். உருப்போட்டது ஒன்றும் நினைவில் இல்லை. வகுப்பு முழுக்க அவரையே பார்த்தது.

அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் குனிந்தார்.

"எந்த ஊர்ல வச்சிருக்கா சுகந்தி?"